அகமெம்னானின் அப்பா யார்? மைசீனி அரச குடும்பத்தின் கதை

#1 செம்பருத்தி

எல்லோருக்கும் வணக்கம். டிராய்ப் போர்க் கதையை இந்த முறை முழுதாகப் படித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். கிரேக்கப் படைக்குத் தலைவன் அகமெம்னான், மைசீனியின் அரசன் என்பது வரை சிக்கல் இல்லை. அவன் குடும்பத்துக்குள் நுழைந்ததும்தான் தலை சுற்றுகிறது. ஓரிடத்தில் அவன் அப்பா ஆட்ரியஸ் என்றிருக்கிறது, இன்னோரிடத்தில் பிளைஸ்தனிஸ். தாத்தா பெலோப்ஸ் கடல் கடந்து வந்தவன் என்கிறார்கள். அப்படியானால் மைசீனி இவர்கள் கைக்கு எப்படி வந்தது? பரம்பரையாகத் தொடரும் சாபம் என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அது யார் செய்த பாவத்தில் ஆரம்பிக்கிறது? படித்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

#2 பனையோலை

செம்பருத்தி, மேலிருந்து கீழே வருவோம். அகமெம்னானின் கொள்ளுத்தாத்தா டான்டலஸ், தேவர்களின் அரசன் சீயஸின் மகன். அவன் ஆண்டது கிரேக்க மண்ணிலேயே இல்லை. ஈஜியன் கடலுக்கு அக்கரையில், லிடியா நாட்டில், சிபிலஸ் மலைப் பக்கம். இன்றைய துருக்கியில் மனிசா நகரத்தை ஒட்டி நிற்கிற மலை அது. டான்டலஸின் மகள் நையோபி பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்துக் கல்லாகிப் போனதும் அங்கேதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் எழுதிய பாசனியஸ் அந்தப் பாறையை ஏறிப் பார்த்திருக்கிறார். கிட்டே போனால் வெறும் பாறை, தள்ளி நின்று பார்த்தால் தலைகுனிந்து அழுகிற பெண் என்கிறார்.

டான்டலஸ் தேவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அந்த நெருக்கத்தை அவனால் செரிக்க முடியவில்லை. பெற்ற மகன் பெலோப்ஸை வெட்டிச் சமைத்து தேவர்களுக்கே பரிமாறினான். எல்லோரும் கையை எடுத்துக்கொண்டார்கள். மகளைத் தொலைத்த துக்கத்தில் இருந்த தேவி டெமீட்டர் மட்டும் கவனிக்காமல் தோள்பட்டையைச் சாப்பிட்டுவிட்டாள். தேவர்கள் பிள்ளையை மறுபடி உயிர்ப்பித்து, குறைந்துபோன தோளுக்கு யானைத் தந்தத்தில் ஒன்று செய்து பொருத்தினார்கள். டான்டலஸின் தண்டனை ஹோமரின் ஒடிசி காவியத்தில் வருகிறது: கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான், குனிந்தால் தண்ணீர் வற்றுகிறது, தலைக்கு மேல் பழம் தொங்குகிறது, கையை நீட்டினால் காற்று கிளையைத் தள்ளிவிடுகிறது.

பெலோப்ஸ் வளர்ந்து கடல் தாண்டி வந்து சேர்ந்த ஊர் பீசா, ஒலிம்பியாவை ஒட்டியது. அந்த ஊர் அரசன் ஈனோமாஸ். தன் மகள் ஹிப்போடாமியாவைக் கேட்டு வருகிறவன் தன்னோடு தேர் ஓட்டி ஜெயிக்க வேண்டும், தோற்றால் தலை போகும் என்று நிபந்தனை வைத்திருந்தான். பெலோப்ஸுக்கு முன்னால் 13 பேர் செத்திருந்தார்கள். பெலோப்ஸ் அரசனின் தேரோட்டி மிர்ட்டிலஸை வளைத்துப் போட்டான். மிர்ட்டிலஸ் அரசனின் தேரில் கடையாணியைக் கழற்றிவிட்டு மெழுகில் ஒன்று செய்து வைத்தான். ஓட்டத்தில் சக்கரம் கழன்றது, ஈனோமாஸ் இழுபட்டுச் செத்தான். பேசிய கூலியைக் கேட்ட மிர்ட்டிலஸை பெலோப்ஸ் கடலில் தள்ளிக் கொன்றான். விழும்போது அவன் பெலோப்ஸின் வம்சத்தையே சபித்தான். உங்கள் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இதுதான். ஆனால் எல்லாப் பழைய நூல்களும் இங்கே ஆரம்பிப்பதில்லை.

#3 நடைவண்டி

பனையோலை ஐயா, கடையாணி விஷயம் படிச்சதும் உடம்பு சிலிர்த்துடுச்சு. ஒரு சந்தேகம். அந்த ஊர்லயேதானே ஒலிம்பிக் போட்டி நடந்துச்சு? ஏமாத்தி ஜெயிச்ச ஒருத்தனையா அங்க கும்பிட்டாங்க?

#4 வடதிசை

கும்பிட்டார்கள். ஒலிம்பியாவில் சீயஸ் கோயிலுக்குப் பக்கத்திலேயே பெலோப்ஸுக்குத் தனி வளாகம் உண்டு, வருஷா வருஷம் கறுப்பு ஆட்டுக்கடா பலி கொடுத்தார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டி முடித்த சீயஸ் கோயிலின் கிழக்கு முகப்பில் செதுக்கியிருப்பதும் இந்தத் தேரோட்டம்தான். போட்டி தொடங்குவதற்கு முந்தைய நிமிடம். நடுவில் சீயஸ், இரு பக்கமும் பெலோப்ஸும் ஈனோமாஸும். சிற்பங்கள் இன்றும் ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நீங்கள் கேட்ட உறுத்தல் அந்தக் காலத்துக் கவிஞர்களுக்கும் இருந்தது. கி.மு. 476இல் சிராக்கூஸ் அரசன் ஹையரோனின் குதிரை ஒலிம்பியாவில் ஜெயித்தபோது பிண்டார் ஒரு பாட்டு எழுதினார். தேவர்கள் நரமாமிசம் தின்றார்கள் என்பதைச் சொல்ல என் வாய் வராது என்று அதில் வெளிப்படையாகவே மறுக்கிறார். பெலோப்ஸின் அழகில் மயங்கி கடல் தேவன் பொசைடன் அவனைத் தூக்கிக்கொண்டு போனான், பிள்ளையைக் காணோம் என்றதும் பொறாமை பிடித்த அக்கம்பக்கத்தார் கிளப்பிய வதந்தி அந்தச் சமையல் கதை என்கிறார். தேரோட்டத்திலும் மெழுகுக் கடையாணி இல்லை, மிர்ட்டிலஸ் இல்லை. பொசைடன் கொடுத்த பொன்தேரும் சிறகுள்ள குதிரைகளும்தான் ஜெயிக்கின்றன.

ஒலிம்பியாவில் ஜெயித்தவனைப் புகழ்கிற இடத்தில் அந்த இடத்தின் மூதாதையை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தைப் பற்றி எது படித்தாலும், யார் யாருக்காகப் பாடினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

#5 பனையோலை

அடுத்து, ஊர் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி. இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

மைசீனியை உண்டாக்கியவன் பெர்சியஸ், மெடூசாவின் தலையை வெட்டியவன். சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் பூதங்கள் அவனுக்காக மதில் கட்டின என்பது கதை. அந்தப் பாறைகளின் அளவைப் பார்த்தால் பிற்காலத்தவர் ஏன் அப்படி நினைத்தார்கள் என்று புரியும். பெலோப்ஸ் தன் மகள்களில் மூன்று பேரை பெர்சியஸின் மகன்கள் மூன்று பேருக்குக் கொடுத்தான். அதில் ஸ்தெனலஸைக் கட்டிய நிக்கிப்பிக்குப் பிறந்தவன் யூரிஸ்தியஸ், ஹெர்குலிஸுக்குப் பன்னிரண்டு வேலை வைத்த அதே அரசன். அப்படியானால் பெலோப்ஸின் மகன் ஆட்ரியஸ், யூரிஸ்தியஸுக்குத் தாய்மாமன்.

ஆட்ரியஸுக்கும் தம்பி தைஸ்டீஸுக்கும் கிரிசிப்பஸ் என்று ஓர் அண்ணன் முறைப் பையன் இருந்தான். வேறொருத்திக்குப் பிறந்தவன், அப்பாவின் செல்லப்பிள்ளை. அவனைக் கொன்ற பழி இந்த இரண்டு பேர் மேலும் விழுந்தது. தாய் ஹிப்போடாமியா தூண்டிச் செய்தார்கள் என்பார்கள். அப்பாவின் கோபத்துக்குப் பயந்து ஓடிவந்து அக்காள் வீட்டுப் பக்கம் ஒண்டிக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு துசிடிடீஸ் சொல்வதைக் கேளுங்கள். வரலாற்று ஆசிரியர், அற்புதங்களில் நம்பிக்கை இல்லாதவர். யூரிஸ்தியஸ் ஹெர்குலிஸின் பிள்ளைகளோடு சண்டை போட ஆட்டிக்காவுக்குப் புறப்பட்டான். உறவுக்காரன் என்று ஊரையும் ஆட்சியையும் மாமன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனான். போனவன் திரும்பவில்லை. ஹெர்குலிஸின் பிள்ளைகள் வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் மைசீனி மக்கள், பலமுள்ளவன் என்றும் தங்களை அனுசரித்து நடந்தவன் என்றும் ஆட்ரியஸையே அரசனாக ஏற்றுக்கொண்டார்கள். பெலோப்ஸ் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த செல்வம்தான் ஏழைகள் நடுவில் அவனுக்குப் பலம் கொடுத்தது, ஒரு தேசத்துக்கே அவன் பெயர் நிலைத்தது என்றும் எழுதுகிறார். வெளியூரான் குடும்பம் பணத்தாலும் பெண் கொடுத்த உறவாலும் ஓர் அரசைப் பிடித்த கதை. தங்க ஆட்டுக்குட்டி இல்லை, சூரியன் திரும்பவில்லை.

#6 நடைவண்டி

தங்க ஆட்டுக்குட்டியா? அதையும் சொல்லிடுங்க ஐயா.

#7 பனையோலை

சொல்லாமல் போனால் கதை நிற்காது. தன் மந்தையில் பிறக்கும் மிகச் சிறந்த குட்டியை ஆர்ட்டெமிஸ் தேவிக்குப் பலி தருவதாக ஆட்ரியஸ் நேர்ந்துகொண்டான். பொன்மயமாக ஒரு குட்டி கிடைத்தது. கொடுக்க மனம் வராமல் கழுத்தை நெரித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். அவன் மனைவி ஏரோப்பிக்குத் தைஸ்டீஸோடு தொடர்பு. அவள் அதை எடுத்துக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டாள். பெலோப்ஸின் மகன் ஒருவனை அரசனாக்குங்கள் என்று குறி வந்தபோது, பொன்குட்டி யாரிடம் இருக்கிறதோ அவனே அரசன் என்று தைஸ்டீஸ் சொன்னான். பெட்டி தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஆட்ரியஸ் சம்மதித்தான். அரசு கைவிட்டுப் போனது. சீயஸ் ஆட்ரியஸின் பக்கம். சூரியன் எதிர்த்திசையில் போனால் அரசைத் திருப்பித் தருகிறாயா என்று கேட்கச் சொன்னான். தைஸ்டீஸ் சரி என்றான். அன்று சூரியன் கிழக்கே மறைந்தது.

பிறகு மனைவியின் விஷயம் ஆட்ரியஸுக்குத் தெரிந்தது. சமாதானம் என்று தம்பியை விருந்துக்கு அழைத்து, அவன் பிள்ளைகளையே கொன்று சமைத்துப் போட்டான். சாப்பிட்டு முடித்த பிறகு தலைகளைக் காட்டினான். தைஸ்டீஸுக்குப் பழிவாங்க ஒரே வழி, தன் மகள் வயிற்றிலேயே ஒரு பிள்ளை பெறுவது என்று குறி சொன்னது. அப்படிப் பிறந்தவன் ஏகிஸ்தஸ். அவன்தான் பெரியப்பா ஆட்ரியஸைக் கொல்கிறான். பின்னால், டிராயை ஜெயித்துத் திரும்பும் பெரியப்பா மகன் அகமெம்னானையும், அவன் மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவோடு சேர்ந்து கொல்கிறான்.

பங்காளிப் பகை எங்கும் உண்டு. இவர்கள் அளவுக்குப் போனவர்கள் இல்லை.

#8 தாழங்குடை

ஏரோப்பியைக் கள்ளத்தொடர்பு என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள் ஐயா. அவள் யார் என்று சொன்னால்தான் செம்பருத்தியின் முதல் கேள்விக்கே பதில் கிடைக்கும்.

ஏரோப்பி கிரீட் தீவின் இளவரசி. மினோஸின் மகன் கேட்ரியஸ் இருக்கிறானே, அவன் மகள். உன் பிள்ளைகளில் ஒருவர் கையால்தான் உனக்குச் சாவு என்று குறி கேட்டதும் கேட்ரியஸ் நடுங்கிப் போனான். ஏரோப்பியையும் அவள் சகோதரி கிளைமினியையும் நாப்லியஸ் என்ற கடலோடியிடம் கொடுத்து, அயல்நாட்டில் விற்றுவிடு என்றான். பெற்ற தகப்பனே விற்கச் சொன்ன பெண் அவள். நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸ் வேறு காரணம் காட்டுகிறார்: யாரோ ஒருவனோடு அவளைக் கண்டதால், கடலில் மூழ்கடிக்கச் சொல்லித் தகப்பன் அனுப்பினான் என்று. எப்படியானாலும் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள். நாப்லியஸ் கிளைமினியைத் தானே மணந்துகொண்டான், ஏரோப்பியை அர்கோஸ் பக்கம் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தான்.

யாருக்குக் கட்டிக்கொடுத்தான் என்பதில்தான் நூல்கள் பிரிகின்றன. ஹோமரில் அகமெம்னானும் மெனலாஸும் ஆட்ரியஸின் மகன்கள். டிராய்ப் போரைப் பாடும் அவருடைய இலியட் முழுக்க அந்தத் தந்தைவழிப் பெயராலேயே அழைக்கப்படுகிறார்கள். ஹெசியடின் பெயரில் வழங்கிய பெண்கள் பட்டியலில் அவர்கள் பிளைஸ்தனிஸின் பிள்ளைகள். அப்பொல்லோடோரஸின் புராணத் தொகுப்பு இரண்டையும் வைத்திருக்கிறது: ஓரிடத்தில் நாப்லியஸ் ஏரோப்பியைப் பிளைஸ்தனிஸுக்குக் கொடுத்தான் என்கிறது, இன்னோரிடத்தில் அவள் ஆட்ரியஸின் மனைவி. இதைச் சரிக்கட்ட, பிளைஸ்தனிஸ் ஆட்ரியஸின் மகன், இளமையில் இறந்துபோனான், பேரப்பிள்ளைகளைத் தாத்தாவே வளர்த்தார், அதனால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது என்று உரைகாரர்கள் பிற்காலத்தில் விளக்கினார்கள்.

கிரீட் உறவு இன்னோரிடத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். குறி சொன்னபடியே கேட்ரியஸ் ரோட்ஸ் தீவில் தன் மகன் கையால் தெரியாமல் கொல்லப்பட்டான். தாத்தாவின் ஈமச்சடங்குக்கு மெனலாஸ் கிரீட்டுக்குப் போனான். வீட்டில் விருந்தாளியாக இருந்த டிராய் இளவரசன் பாரிஸ், மெனலாஸின் மனைவி ஹெலனோடு கப்பலேறியது அந்த நாட்களில்தான். அம்மாவழித் தாத்தாவின் சாவு டிராய்ப் போருக்குக் கதவு திறந்தது.

#9 செம்பருத்தி

தாழங்குடை அக்கா, இது எந்தச் சுருக்கத்திலும் இல்லை! மெனலாஸ் ஏன் அந்த நேரம் பார்த்து ஊரில் இல்லை என்று எனக்குப் புரியாமலே இருந்தது. அப்படியே கிளைடெம்னெஸ்ட்ராவைப் பற்றியும் சொல்லுங்கள். புருஷனைக் கொன்றவள் என்று மட்டும்தான் தெரியும்.

#10 தாழங்குடை

ஆட்ரியஸ் கொல்லப்பட்டதும் சிறுவர்கள் அகமெம்னானையும் மெனலாஸையும் தாதி ஒருத்தி சிக்கியோன் அரசனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கிருந்து ஏட்டோலியாவுக்குப் போனார்கள். அவர்களை அழைத்துவந்து தைஸ்டீஸைத் துரத்தி அரசைப் பிடிக்க உதவியவன் ஸ்பார்ட்டாவின் டின்டாரியஸ். தன் வீட்டுப் பெண்கள் இருவரையும் இவர்களுக்கே கொடுத்தான்: கிளைடெம்னெஸ்ட்ரா அண்ணனுக்கு, ஹெலன் தம்பிக்கு. மெனலாஸ் மாமனார் ஊரிலேயே அரசனானான். மைசீனியும் ஸ்பார்ட்டாவும் சம்பந்தி வீடுகள் ஆயின.

ஆனால் கிளைடெம்னெஸ்ட்ராவுக்கு அது முதல் கல்யாணம் இல்லை. யூரிபிடீஸின் கடைசி நாடகங்களில் ஒன்று ஆலிஸ் துறைமுகத்தில் நடக்கிறது. காற்று வீச வேண்டும் என்பதற்காக மூத்த மகள் இஃபிஜினியாவைப் பலிகொடுக்கப் போகிறான் அகமெம்னான். அவன் முகத்துக்கு நேராக அவள் பேசுகிறாள்: என் முதல் கணவன் டான்டலஸை நீ கொன்றாய், என் மார்பில் இருந்த பச்சைக் குழந்தையைப் பிடுங்கித் தரையில் அடித்தாய், என் சம்மதம் இல்லாமல் என்னைக் கொண்டுவந்தாய், என் சகோதரர்கள் உன்மேல் படையெடுத்தார்கள், நீ என் அப்பாவின் காலில் விழுந்து தப்பித்தாய், அதற்குப் பிறகும் நான் உன் வீட்டைக் குறையில்லாமல் நடத்தினேன். இந்த டான்டலஸ் அந்தக் கொள்ளுத்தாத்தா அல்ல. அவர் பெயரையே வைத்துக்கொண்ட தைஸ்டீஸின் மகன். அதாவது அவளுடைய முதல் கணவனும் அகமெம்னானின் பங்காளிதான்.

இதைப் படித்த பிறகு கணவனைக் கொன்றவள் என்று ஒரே வரியில் என்னால் அவளைச் சொல்ல முடிவதில்லை. இரண்டு பிள்ளைகளை அவன் கையால் இழந்தவள்.

#11 வடதிசை

சாபம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு என் பதிலை இப்போது எழுதுகிறேன். பல காலமாக இதை மனதில் வைத்திருக்கிறேன்.

இலியடின் இரண்டாம் காண்டத்தில் அகமெம்னான் செங்கோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். அந்தக் கோலின் வரலாற்றை ஹோமர் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். ஹெஃபைஸ்டஸ் செய்தான், சீயஸுக்குக் கொடுத்தான். சீயஸ் ஹெர்மிஸுக்கு, ஹெர்மிஸ் பெலோப்ஸுக்கு, பெலோப்ஸ் ஆட்ரியஸுக்கு. ஆட்ரியஸ் சாகும்போது மந்தைகள் மிகுந்த தைஸ்டீஸிடம் விட்டுப் போனான். தைஸ்டீஸ் அதை அகமெம்னானுக்கு விட்டுப் போனான், பல தீவுகளையும் அர்கோஸ் முழுவதையும் ஆள்வதற்காக. கொலை இல்லை, பிள்ளைக்கறி இல்லை. அண்ணனுக்குப் பின் தம்பி, தம்பிக்குப் பின் அண்ணன் மகன். முறையாகக் கைமாறுகிறது. இலியடின் பழைய பிரதிகளில் ஓரங்களில் எழுதப்பட்ட உரைக்குறிப்பே, ஆட்ரியஸ் தைஸ்டீஸ் பகையை இந்தக் கவிஞர் அறியவில்லை என்று சொல்கிறது. டான்டலஸ் ஒடிசியில் தண்டனை அனுபவிக்கிறான், ஆனால் பெலோப்ஸின் தகப்பன் என்று அங்கே சொல்லவில்லை.

இப்போது நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கிற நாடகங்களை வரிசையாக எடுங்கள். கி.மு. 458இல் ஈஸ்கிலஸின் ஒரெஸ்டிய நாடகங்கள் மேடையேறின; அகமெம்னானின் மகன் ஒரெஸ்டீஸ் அப்பாவுக்காக அம்மாவைக் கொன்று பழிதீர்க்கும் கதை அது. அங்கே டிராயிலிருந்து சிறைபிடித்து வந்த குறிசொல்லும் இளவரசி கசாண்ட்ரா அரண்மனை வாசலில் நின்று பார்ப்பது தைஸ்டீஸின் குழந்தைகளை. பாவத்தின் வேர் ஆட்ரியஸின் விருந்து. அகமெம்னானின் மகள் எலெக்ட்ராவைப் பற்றிய சோஃபக்ளீஸின் நாடகத்தில் ஊர்ப் பெண்கள் இன்னும் ஒரு தலைமுறை மேலே போகிறார்கள்: மிர்ட்டிலஸைக் கடலில் தள்ளிய நாளிலிருந்து இந்த வீட்டுக்குத் துயரம் தீரவில்லை என்று பாடுகிறார்கள். கி.மு. 408இல் யூரிபிடீஸின் ஒரெஸ்டீஸ் தொடங்கும்போது எலெக்ட்ரா டான்டலஸிலிருந்தே குடும்பக் கதையைச் சொல்கிறாள். ஐம்பது ஆண்டுகளில் கொள்ளுத்தாத்தா வரை போய்விட்டது.

ஆதியில் ஒரு சாபம் இருந்து கீழே இறங்கி வந்தது என்று நாம் படிக்கிறோம். கவிஞர்கள் அதைக் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போனார்கள். அகமெம்னான் கொலைதான் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. அந்தக் கொலைக்குக் காரணம் தேடித் தேடித்தான் அப்பன், பாட்டன், பூட்டன் எல்லோரும் பாவிகள் ஆனார்கள்.

#12 பனையோலை

வடதிசை, நாடகங்களின் வரிசை பற்றிச் சொன்னது அருமை. ஹோமருக்குத் தெரியாது என்ற முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒடிசியின் நான்காம் காண்டத்தில் அகமெம்னானின் கப்பல், முன்பு தைஸ்டீஸ் குடியிருந்த, இப்போது ஏகிஸ்தஸ் இருக்கிற நாட்டுப்புற எல்லையில் ஒதுங்குகிறது. அரசைக் கையில் வைத்திருந்த தைஸ்டீஸ் ஏன் தலைநகரை விட்டு எல்லையில் போய்க் குடியிருக்கிறான்? பங்காளிகள் இடம் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. மேலும் அந்தச் செங்கோல் வரிசை வருவது எந்த இடத்தில்? படைக்கு முன்னால் அரசன் தன் உரிமையைக் காட்டி நிற்கும் இடத்தில். அங்கே குடும்பத்தின் அழுக்கை யார் பேசுவார்கள்? ஆலிஸ் பலியைப் பற்றியும் இலியட் வாய் திறக்கவில்லை. அகமெம்னானுக்குக் கிரிசோதெமிஸ், லவோடிசி, இஃபியனாசா என மூன்று மகள்கள் வீட்டில் இருப்பதாகவே ஒன்பதாம் காண்டம் சொல்கிறது. போர்க்களத்துக் காவியம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது, வேண்டாததை விட்டது. அவ்வளவுதான்.

#13 வடதிசை

எல்லை வீட்டைப் பற்றி நீங்கள் சொல்வது கனமான வாதம் ஐயா. ஆனால் ஒடிசியில் ஏகிஸ்தஸின் குற்றத்தைச் சீயஸே முதல் காண்டத்தில் விசாரிக்கிறான். அடுத்தவன் மனைவியை எடுத்தான், கணவனைக் கொன்றான், எச்சரித்தும் கேட்கவில்லை என்கிறான். தன் அப்பாவுக்குப் பிள்ளைக்கறி போட்டவனின் மகனைக் கொன்றான் என்ற நியாயம் ஏகிஸ்தஸுக்கு இருந்திருந்தால், அந்தப் பேச்சு அப்படி இருந்திருக்காது. ஈஸ்கிலஸின் ஏகிஸ்தஸ் மேடைக்கு வந்ததும் முதலில் சொல்வதே அந்த விருந்தைத்தான். பகை இருந்திருக்கலாம். விருந்து இருந்ததாக ஹோமரில் எனக்குத் தடயம் தெரியவில்லை.

#14 நடைவண்டி

பெரியவங்க ரெண்டு பேரும் பேசுறதைப் படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. நடுவுல ஒரு கேள்வி. அகமெம்னான்னு ஒரு ராஜா நெஜமாவே இருந்தாரா? தங்க முகமூடி படம் எல்லா இடத்துலயும் வருதே.

#15 ஏட்டுச்சுவடி

முகமூடி அகமெம்னானுடையது அல்ல. ஹைன்ரிக் ஷ்லீமன் 1876இல் மைசீனி மதிலுக்குள் தோண்டினார். ஆட்ரியஸ், அகமெம்னான் கல்லறைகள் மதிலுக்கு உள்ளே, கிளைடெம்னெஸ்ட்ராவும் ஏகிஸ்தஸும் மதிலுக்கு வெளியே என்று பாசனியஸ் எழுதியதை நம்பி உள்ளேதான் தேடினார். அந்த முகமூடியும் பொன்னுமாக அரசக் குழிகள் கிடைத்தன. ஆனால் அவை கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. டிராய் விழுந்ததற்குக் கிரேக்கர்கள் கணக்கிட்ட ஆண்டு கி.மு. 1184. நடுவில் முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஆட்ரியஸின் கருவூலம் என்று இன்று காட்டப்படும் பெரிய தேன்கூட்டு வடிவக் கட்டடமும் ஒரு கல்லறை. பெயர் பிற்காலத்தில் ஒட்டியது.

எழுத்தில் என்ன இருக்கிறது என்றால், துருக்கியில் கிடைத்த ஹிட்டைட் களிமண் ஏடுகளில் அஹியா நாட்டு ஆள் அட்டரிசியா என்று ஒருவன் வருகிறான். கி.மு. 1400ஐ ஒட்டிய காலம், நூறு தேர்களோடு வந்து சண்டை போடுகிறான். எமில் ஃபோரர் 1924இல் இவன்தான் ஆட்ரியஸ் என்றார். அஹியாவை ஹோமரின் அக்கேயர்களோடு சேர்ப்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இவன் ஆட்ரியஸ் என்பதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆசியக் கரைக்கும் மைசீனி உலகத்துக்கும் போக்குவரத்தும் போரும் இருந்தன என்பது மட்டும் உறுதி. லிடியாவிலிருந்து ஒரு தாத்தா வந்தார் என்ற குடும்ப நினைவு அந்தப் பின்னணியில் வினோதமாகத் தெரியவில்லை.

#16 தாழங்குடை

இந்த வம்சத்தைப் பிற்காலத்தில் யார் யார் உரிமை கொண்டாடினார்கள் என்பதையும் சேர்க்கிறேன். கி.மு. 480இல் பாரசீகப் படை வருகிறது. உதவி கேட்டு சிராக்கூஸுக்குப் போன தூதுவர்களிடம் அரசன் ஜெலோன், படைத்தலைமையை எனக்குக் கொடுத்தால் வருகிறேன் என்றான். ஸ்பார்ட்டாவின் தூதன் சயாக்ரஸ் சொன்ன பதிலை வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் பதிந்திருக்கிறார்: ஸ்பார்ட்டாவிடமிருந்து தலைமையைச் சிராக்கூஸ்காரர்கள் பறித்தார்கள் என்று கேட்டால் பெலோப்ஸின் வழிவந்த அகமெம்னான் கதறுவான். மைசீனி அரசன் எப்போது ஸ்பார்ட்டாக்காரன் ஆனான்? பிண்டாரின் ஒரு பாட்டில் அவன் கொல்லப்பட்ட இடமே ஸ்பார்ட்டாவை ஒட்டிய அமிக்லை. அங்கே அவனுக்குக் கல்லறையும் காட்டினார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டில், டெகியா நகரத்தோடு நடந்த போரில் ஜெயிக்க ஒரெஸ்டீஸின் எலும்பு வேண்டும் என்று குறி கேட்டு, ஒரு கொல்லன் பட்டறையில் ஏழு முழப் பெட்டியில் இருந்ததைத் திருட்டுத்தனமாகத் தோண்டிக்கொண்டு போனதும் ஸ்பார்ட்டாதான்.

ஈஸ்கிலஸோ அகமெம்னானை அர்கோஸில் வைத்தார். கி.மு. 468 வாக்கில் அர்கோஸ் மைசீனியை அழித்துவிட்டது. சில ஆண்டுகளில் ஏதென்ஸ் அர்கோஸோடு உடன்படிக்கை செய்தது. 458இல் ஏதென்ஸ் மேடையில் ஒரெஸ்டீஸ், என் நாடு என்றைக்கும் உங்களுக்குத் துணை நிற்கும் என்று வாக்குக் கொடுக்கிறான். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நேற்றைய அரசியல்.

எதிரியும் இந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டான். கிரேக்கத்தின்மேல் படையெடுக்கும் முன் பாரசீக அரசன் செர்க்சிஸ், என் முன்னோரின் அடிமையான பிரிஜியன் பெலோப்ஸே அந்த மக்களை வென்றான் என்று பேசுவதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆசியாவிலிருந்து வந்த தாத்தா என்பது எப்படியெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்.

#17 செம்பருத்தி

ஒரெஸ்டீஸுக்குப் பிறகு குடும்பம் என்ன ஆனது? அம்மாவைக் கொன்றவன் விடுதலையான இடத்தோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள்.

#18 பனையோலை

அவன் சித்தப்பா மெனலாஸின் மகள் ஹெர்மயோனியைக் கட்டினான். அவர்களுக்குப் பிறந்த டிசாமெனஸ் காலத்தில், பெர்சியஸ் வழிவந்த ஹெர்குலிஸின் சந்ததியார் திரும்பி வந்தார்கள். யூரிஸ்தியஸின் மருமக்கள் உறவால் மாமன் கைக்குப் போன நாடு மறுபடி பெர்சியஸின் வழியினரிடமே போனது. ஸ்பார்ட்டாவின் இரட்டை அரசர்கள் தங்களை அந்த ஹெர்குலிஸ் வழியினர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தாழங்குடை கேட்ட கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது: நாட்டைப் பிடித்தவர்கள், முன்பு ஆண்டவனின் பெருமையையும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு கிளையும் உண்டு. ஏகிஸ்தஸின் மகள் எரிகோனிக்கும் ஒரெஸ்டீஸுக்கும் பிறந்தவன் பெந்திலஸ். கொன்றவனின் மகளும் பழிவாங்கியவனும் பெற்ற பிள்ளை. லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி நகரத்தை ஆண்ட பெந்திலிடே குடும்பம் தங்களை இவன் வழி என்றது. அவர்கள் கையில் தடியோடு திரிந்து மக்களை அடித்ததாகவும், மெகக்ளீஸ் என்பவன் நண்பர்களோடு சேர்ந்து அவர்களைத் தாக்கிக் கொன்றதாகவும் அரிஸ்டாட்டில் எழுதுகிறார். புராணத்திலிருந்து நேராக ஊர் அரசியலுக்குள் வந்துவிட்டோம்.

#19 ஏட்டுச்சுவடி

அந்தச் செங்கோலும் காணாமல் போகவில்லை. மத்திய கிரேக்கத்தில் கைரோனியா என்ற ஊரில் அதை எல்லாத் தேவர்களுக்கும் மேலாகக் கும்பிட்டார்கள் என்கிறார் பாசனியஸ். தனிக் கோயில் கிடையாது. அந்த வருஷத்துப் பூசாரி யாரோ அவர் வீட்டில் வைத்திருப்பார், தினமும் இறைச்சியும் பணியாரமும் படைப்பார்கள்.

#20 செம்பருத்தி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இலியடின் இரண்டாம் காண்டத்தை இன்றைக்கே எடுக்கிறேன், பிறகு தாழங்குடை அக்கா சொன்ன ஆலிஸ் நாடகம். டிராய் அரசன் பிரியாமின் வீட்டுக்கும் இதே மாதிரி ஓர் இழை தொடங்கலாமா? ஐம்பது மகன்கள் என்று போட்டிருக்கிறது, அவன் மனைவி ஹெக்யூபா ஒருத்திதான் எல்லோருக்கும் தாயா என்பதிலிருந்தே எனக்குக் கேள்வி ஆரம்பிக்கிறது.

#21 தாழங்குடை

தொடங்குங்கள். ஹெக்யூபாவுக்குப் பிறந்தவர்கள் 19 பேர், மற்றவர்கள் வேறு பெண்களுக்கு. பிரியாமே கிரேக்க வீரன் அகிலிஸிடம் சொல்கிற கணக்கு அது, இலியடின் கடைசிக் காண்டத்தில். மீதியை அங்கே வந்து எழுதுகிறேன்.